புல் முடிச்சும் மஞ்சட் பலகையும்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று வகுப்பறையிற் படித்தோம். பின்னர் பல ஆண்டுகள் பிறருக்குப் படிப்பித்தும் வந்தோம். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்தவர்களுக்கு மலை என்பது பெரும்பாலும் ஏட்டிற் கண்ட பொருளே. கீரிமலையிற் கூடப் பெயரில் மாத்திரமே மலை உண்டு. மலையகத்து உறவுகளையும் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை சென்றவர்களையும் விட்டால், நம்மவரிற் பலர் மலையை முதன்முதலிற் கண்டது இந்நாட்டுக்கு வந்த பின்னர்தான். தட்டையான மண்ணில் வாழ்ந்தவர்களை, நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதம் அல்ப்ஸ் மலைகளாக உள்ள ஒரு நாடு ஏற்றுக்கொண்டது.

ஆனால் அந்த மலைகளை நாம் எங்கிருந்து பார்க்கிறோம்? தொடருந்தின் யன்னலூடாகப் பார்க்கிறோம். உணவகத்துச் சமையற்கூடத்தின் பின்வாசலில் நின்று பார்க்கிறோம். ஊருக்கு அனுப்பும் நாட்காட்டியிற் பார்க்கிறோம். 1980களின் தொடக்கத்தில் வந்தவர்கள் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். இன்னமும் ஒரு நாளேனும் மலைப்பாதையிற் கால் வைக்காத குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

அதே குடும்பங்களின் பிள்ளைகளோ பாலர் வகுப்பிலிருந்தே ஆசிரியையின் கைபிடித்துக் காடு சுற்றியவர்கள். ஆண்டுதோறும் பாடசாலைச் சுற்றுலா, நடைநாள், மலைமுகாம் என்று போய் வருகிறார்கள். வழிகாட்டிப் பலகையை வாசிக்க அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் “நாங்களும் போவோமா?” என்று பிள்ளை கேட்கும்போது, தொலைக்காட்சியைக் காட்டி அமர்த்திவிடுகிறோம். இவ்வாறு கழியும் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையின் உலகத்துக்கும் பெற்றோரின் உலகத்துக்கும் இடையிலான தூரத்தைச் சற்றே கூட்டிவிடுகிறது என்பதே நம் கவலை. இவ்வாரம் கூட்டாக மலைநடை செல்வதைப் பற்றி எழுத எண்ணியதன் காரணமும் அதுவே.

நடந்தது போதாதா?

“நடந்து நடந்துதானே இங்கு வந்து சேர்ந்தோம், இனியும் என்ன நடை?” என்று கேட்கும் தாய்மாரை நாம் அறிவோம். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி மழையிலும் சேற்றிலும் இலட்சக்கணக்கானோர் நகர்ந்த இரவை நடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2009இல் வன்னியிற் கடைசிவரை நடந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லைக் காடுகளை இருளில் முகவரின் பின்னே கடந்தவர்களும் இருக்கிறார்கள். அத்தகையோருக்கு மூட்டையைச் சுமந்து வரிசையாகச் செல்வது மகிழ்ச்சியான நினைவன்று. காட்டுக்குள் ஓர் ஓசை கேட்டாலே சிலருக்கு நெஞ்சு படபடக்கும். அவர்களை வற்புறுத்தி அழைத்துச் செல்லக் கூடாது. ஏரிக்கரையோரம், திறந்த வெளி, பகல் வெளிச்சம், குறுகிய தூரம் என்று தொடங்குவதே முறை.

ஆனால் நடை என்றாலே துன்பம் என்ற நிலை நம் மரபில் இருந்ததில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்த பாதயாத்திரைக் கூட்டங்கள் நமக்குச் சொந்தமானவை. முன்னே ஒரு பெரியவர் செல்வார். அவர் சொல்லை எல்லோரும் கேட்பர். தண்ணீர் உள்ள இடம் அறிந்து தங்குவர். முதியவர் நடக்கும் வேகமே கூட்டத்தின் வேகமாக இருக்கும். இந்நாட்டு மலைநடையின் விதிகளும் ஏறத்தாழ இவையே.

ஓர் ஆசிரியர் தொடங்கிய வேலை

சுவிற்சர்லாந்தின் நடைபாதைகள் தாமாகத் தோன்றியவை அல்ல. 1930களின் தொடக்கத்தில், சூரிச் ஏரிக்கரையிலுள்ள மைலன் என்ற ஊரில் ஆசிரியராக இருந்த யோகான் யாக்கோப் எஸ் என்பவர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு கிளவுசன் கணவாயைக் கடந்தார். மோட்டார் வண்டிகள் புழுதி கிளப்பிச் சென்ற வீதியில், நடப்பவருக்கு இடமில்லாது போனமை அவர் மனத்தை உறுத்தியது. நடப்போருக்கென்று தனிப் பாதைகள் வேண்டும், அவற்றுக்கு நாடெங்கும் ஒரே விதமான அடையாளம் வேண்டும் என்று அவர் எண்ணினார். அதன் விளைவாக 1934 டிசெம்பரில் நடைபாதைச் சங்கம் நிறுவப்பட்டது. நாம் எங்கும் காணும் மஞ்சட் பலகைகளின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

1979இல் இந்நாட்டு மக்கள் வாக்களித்து, நடைபாதைகளைப் பேணும் கடமையை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். 1985இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டு 1987 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் நீளத்துக்கு அடையாளமிட்ட பாதைகள் உள்ளன; இது நாட்டின் தொடருந்துப் பாதைகளின் நீளத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். நுழைவுச் சீட்டு கிடையாது, எவரும் நடக்கலாம். செல்வந்தருக்கும் அகதிக்கும் ஒரே பாதை, ஒரே பலகை.

ஓர் ஆசிரியர் தொடங்கிய வேலை என்பதில் நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. அதைவிடப் பெருமை தருவது வேறொன்று. பத்துப்பாட்டில் இறுதியாக வைக்கப்பட்டுள்ள மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்களுக்கு மலைவழியைச் சொல்லிக் கொடுக்கும் நூல். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, பாம்பு உறையும் குழிகள் எங்கே, தினைப்புனங் காப்போரின் கவண்கல் எங்கே பறந்து வரும், பாசி படிந்து வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும், இரவானால் எங்கே தங்க வேண்டும் என்றெல்லாம் பெருங்கௌசிகனார் எச்சரிக்கிறார். கிளைவழி வரும் இடத்தில், பின்னால் வரும் புதியவர் வழிதவறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்றும் கூறுகிறார். அந்தப் புதியவர்களைக் குறிக்க அவர் ஆளும் சொல் எது தெரியுமா? ‘புலம்பெயர்’ என்பதே. இன்று நாம் நமக்கு இட்டுக்கொண்ட அதே பெயர். அன்றைய புல் முடிச்சின் வேலையைத்தான் இங்கே மஞ்சட் பலகை செய்கிறது.

நிறங்களின் பொருள்

முதலில் நிறங்களை அறிந்துகொள்வோம். மஞ்சள் மட்டும் இருந்தால் அது சாதாரண நடைபாதை. நல்ல உடல்நிலையுள்ள எவரும் செல்லலாம். பலகையின் கூர்முனையிலும் கற்களிலும் வெள்ளை – சிவப்பு – வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது மலைப்பாதை. அது செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் இருக்கலாம்; தலைசுற்றல் இல்லாதவராகவும் உறுதியான கால் உடையவராகவும் இருத்தல் வேண்டும்; திடமான சப்பாத்து கட்டாயம். பலகை நீல நிறமாகவும் கோடுகள் வெள்ளை – நீலம் – வெள்ளையாகவும் இருந்தால் அது உயர்மலைப்பாதை. பனிக்கட்டி ஆறு, பாறை ஏற்றம், கயிறு எல்லாம் அதில் வரக்கூடும். குடும்பமாகச் செல்லும் நமக்கு அந்த நீலம் வேண்டாம். முதல் ஆண்டில் மஞ்சளை விட்டு நகரவே வேண்டாம் என்பது நம் ஆலோசனை.

பலகையில் எழுதியுள்ள நேரம் நடக்கும் நேரம் மட்டுமே. இளைப்பாறும் நேரம் அதிற் சேராது. பிள்ளைகளும் முதியவரும் உள்ள கூட்டம் அதன் ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டுப் புறப்படுவது நல்லது. இரண்டு மணித்தியாலம் என்று இருந்தால் மூன்று, சாப்பிட இன்னொன்று. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

புறப்படுமுன்

மலையில் ஒவ்வோர் 1,000 மீற்றருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறைகிறது. கீழே வியர்க்கும் நாளில் மேலே நடுங்கும். ஆகவே தடித்த மேலங்கி ஒன்றும் மழையங்கி ஒன்றும் ஆளுக்கு ஆள் வேண்டும். கோயிலுக்குப் போகும் செருப்புடனும் சேலையுடனும் மலையேற வந்து பாதிவழியில் திரும்பியவர்களைக் கண்டிருக்கிறோம். அடியிற் பள்ளமுள்ள சப்பாத்துக்கு ஒருமுறை செலவு செய்தாற் பல ஆண்டுகள் உழைக்கும். பழைய பொருட் கடைகளிலும் நல்லவை கிடைக்கின்றன. மலைநடை விபத்துகளில் மிகப் பல, கால் இடறியோ வழுக்கியோ விழுவதால் நேர்பவை. அதிலும் களைத்த காலுடன் இறங்கும்போது நேர்பவை. ஏறுவதை விட இறங்குவதே ஆபத்து என்பதை மறவாதீர்கள்.

உணவைப் பற்றி நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலுமிச்சைச் சோறும் ரோல்ஸும் தேநீர்ப் போத்தலும் இருந்தால் எந்த மலையுச்சியும் நம் வீட்டு முற்றமாகிவிடும். ஆனால் தண்ணீரை மறந்துவிடுகிறோம். ஆளுக்கு ஒரு லீற்றராவது வேண்டும். மதுபானம் அறவே வேண்டாம். குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது நம் மானத்தோடு சம்பந்தப்பட்டது.

நீரிழிவு நம் சமூகத்தை வாட்டும் நோய். நடை அதற்கு நல்ல மருந்து. ஆனால் இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் நீண்ட நேரம் நடந்தால் இரத்தத்திற் சர்க்கரை திடீரெனக் குறையலாம். கைநடுக்கம், வியர்வை, தடுமாற்றம் என்பன அதன் அறிகுறிகள். அத்தகையோர் சர்க்கரைக் கட்டியோ இனிப்புப் பானமோ பையில் அல்ல, சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். அருகில் நடப்பவருக்கும் அதைச் சொல்லி வைக்க வேண்டும். இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமற் புறப்படக் கூடாது.

கூட்டத்தின் ஒழுங்கு

கூட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டும். அவர் பாதையை அறிந்தவராகவோ வரைபடம் வாசிக்கத் தெரிந்தவராகவோ இருத்தல் வேண்டும். வயதில் மூத்தவர் என்பதற்காக மாத்திரம் அப்பொறுப்பைக் கொடுத்துவிடக் கூடாது. பதினாறு வயதுப் பெண்பிள்ளைக்குப் பாதை தெரியுமானால் அவளையே முன்னே விடுங்கள். மாமா, சித்தப்பா எல்லோரும் அவள் சொற்படி நடவுங்கள். பிள்ளைகளின் அறிவுக்கு நாம் இந்நாட்டிற் கொடுக்கும் மதிப்பு அதுவாக இருக்கட்டும்.

வரிசையின் கடைசியில் நிதானமான ஒருவர் வரவேண்டும். அவருக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கிளைவழியிலும் எல்லோரும் வந்து சேரும்வரை நின்று, தலை எண்ணிப் பின் நகர வேண்டும். மிக மெதுவாக நடப்பவரே முன்பக்கத்தில், தலைவருக்கு அடுத்து நடக்கட்டும். இளைஞர் முன்னே ஓடிவிட, மூச்சுவாங்கும் தாயார் பின்னே தனியாக நிற்பது கூட்டுநடை ஆகாது. எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அந்த நேரம் வந்ததும் உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த மாதமும் போகலாம்.

எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டிலோ அயலிலோ ஒருவரிடம் சொல்லிவிட்டே புறப்பட வேண்டும்.

மலை தரும் எச்சரிக்கைகள்

கோடையில் இடிமின்னல் பெரும்பாலும் பிற்பகலில் வருகிறது. ஆகையால் விடியற்காலையிற் புறப்பட்டு மதியத்துடன் இறங்கத் தொடங்குவதே நல்லது. மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், எத்தனை கிலோமீற்றர் தொலைவில் உள்ளது என்பது தெரியும். மலைமுகட்டிலும் தனிமரத்தின் கீழும் நிற்கக் கூடாது. தங்க இடமில்லையேல் பள்ளமான இடத்திற் கால்களைச் சேர்த்துக் குந்தியிருக்க வேண்டும்.

ஆற்றுப் படுகை விளையாட்டிடம் அன்று. 1999 யூலை 27 அன்று இன்ரலாக்கனுக்கு அண்மையிலுள்ள சக்சற் என்ற மலையோடையில், மேற்புறத்திற் பெய்த மழையால் திடீரெனப் பெருகிய வெள்ளம் 21 பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. வழிகாட்டிகளும் அவர்களிடையே இருந்தனர். மழையின்றியும் வெள்ளம் வரலாம்; மேலுள்ள நீர்மின் நிலையங்கள் நீரைத் திறந்துவிடுவதுண்டு. தண்ணீரிலிருந்து ஓடும் மனித உருவம் வரைந்த பலகை நிற்கும் இடத்திற் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். மலையேரிகளின் குளிரும் கொடியது. கீரிமலைக் கேணியில் நீந்திய பழக்கத்தை இங்கே நம்பக் கூடாது.

நொசத்தேல் மாநிலத்திலுள்ள குறூ து வான், லாட வடிவிலான பெரும்பாறை. ஏறத்தாழ 160 மீற்றர் செங்குத்தாக இறங்குவது. விளிம்பில் தடுப்பேதும் இல்லாத இடங்கள் உண்டு. அங்கு நின்று, கைத்தொலைபேசியிற் படமெடுக்கப் பின்னோக்கி அடிவைப்பவர்களைக் காணும்போது நெஞ்சு பதறுகிறது. படம் எடுப்பதானால் நின்று எடுங்கள். நடப்பதானால் பாதையைப் பாருங்கள்.

பசுவைக் கண்டதும் தொட்டுக் கும்பிடும் வழக்கம் நமக்குண்டு. இங்கே மேய்ச்சல் நிலத்திற் கன்றுடன் நிற்கும் பசு, கன்றைக் காக்கும் பொருட்டு மனிதரைத் தாக்கக் கூடும். தூரத்தே நின்று மனத்தாற் கும்பிட்டு, ஆரவாரமின்றி விலகி நடக்க வேண்டும். கன்றைத் தொடவே கூடாது.

புல்லிலும் பற்றையிலும் உண்ணிகள் உண்டு. வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், கமக்கட்டு, பிள்ளைகளின் தலைமுடியோரம் எல்லாம் பார்க்க வேண்டும். கடித்திருந்தாற் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெயோ நெருப்போ வைக்கக் கூடாது. அவ்விடத்திற் சிவப்பு வளையம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. குடும்ப மருத்துவரைக் கேளுங்கள்.

வசந்தகாலத்திற் காட்டில் உள்ளி மணக்கும் கீரையொன்று வளர்வதை நம்மவர் சிலர் பறித்து வறை செய்கிறார்கள். அதனைப் போலவே இலையுள்ள வேறிரு செடிகள் கொடிய நஞ்சுடையவை. ஐயமற அடையாளம் தெரியாதவர்கள் கடையில் வாங்குவதே உத்தமம்.

உதவி கேட்கத் தயங்காதீர்கள்

ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய இலக்கங்கள்: மீட்பு உலங்குவானூர்திக்கு 1414, மருத்துவ அவசரத்துக்கு 144, வலே மாநிலத்தில் மலைமீட்புக்கும் 144. ஐரோப்பிய அவசர இலக்கம் 112. எங்கே நிற்கிறோம், என்ன நேர்ந்தது, எத்தனை பேருக்குக் காயம், வானிலை எப்படி என்பவற்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். மொழி தடையானால் பிள்ளை பேசட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் இவ்விலக்கங்கள் மனப்பாடமாக இருத்தல் வேண்டும். தொலைபேசி இயங்காவிட்டால், ஒரு நிமிடத்தில் ஆறு தடவை கூவியோ விளக்கைக் காட்டியோ அடையாளம் செய்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்குவது மலைநாட்டு வழக்கு. உலங்குவானூர்தி வரும்போது இரு கைகளையும் மேலே உயர்த்தினால் ‘உதவி வேண்டும்’ என்பது பொருள். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக நின்றால் ‘வேண்டாம்’ என்பது பொருள். மகிழ்ச்சியிற் கையசைத்து விமானியைக் குழப்பாதீர்கள்.

செலவுக்கு அஞ்சியும், வதிவிட அட்டையை நினைத்து அஞ்சியும் அழைக்கத் தயங்குவோர் உண்டு. மீட்பவர் கேட்கும் முதற் கேள்வி ‘எங்கே நிற்கிறீர்கள்?’ என்பதே, ‘என்ன அட்டை?’ என்பதன்று. செலவைப் பொறுத்தவரை, ஒரே முதலாளியிடம் வாரத்தில் 8 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நேரும் விபத்தும் தொழில்வழி விபத்துக் காப்புறுதியில் அடங்கும். மற்றையோர் தம் மருத்துவக் காப்புறுதியில் விபத்துப் பகுதி சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடிப்படைக் காப்புறுதி மீட்புச் செலவிற் பாதியை, ஆண்டுக்கு 5,000 பிராங் வரை ஏற்கிறது. 1952இல் தொடங்கிய ரேகா மீட்புச் சேவைக்கு 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுச் சந்தா செலுத்தி ஆதரவளிக்கின்றனர். குடும்பமாக அதிற் சேர்வதும் நன்று.

இன்னொன்று. என், எஃப் அட்டை வைத்திருப்பவர்கள் பாதை எல்லையைக் கடக்கிறதா என்று பார்த்தே செல்ல வேண்டும். ஜெனீவாவாசிகள் தம் மலை என்று கொண்டாடும் சலேவ் பிரான்சுக்குள் இருக்கிறது. காட்டுக்குள் எல்லைக்கல் சிறிது. அதனால் வரும் சிக்கலோ பெரிது. அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

எங்கே தொடங்கலாம்?

பேர்ணில் உள்ளவர்களுக்கு 858 மீற்றர் உயரமான கூர்ட்டன் இருக்கிறது. நடந்து ஏறிக் கயிற்றிழுவைத் தொடருந்தில் இறங்கலாம். சூரிச்சில் உள்ளவர்கள் ஊட்லிபேர்க் வரை தொடருந்திற் சென்று, முகட்டு வழியே வெல்சன்எக் வரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் நடக்கலாம். சூரிய குடும்பத்தை நூறு கோடியில் ஒரு பங்காக அமைத்த கோள்களின் பாதை அது. ஒரு மீற்றர் பத்து இலட்சம் கிலோமீற்றருக்குச் சமம் என்று பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக் கொடுக்கலாம். பிரெஞ்சு மொழிப் பகுதியினருக்கு நொசத்தேலின் ஆறூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு உண்டு. பத்துப் பேருக்கு மேற் சேர்ந்தால் தொடருந்திற் குழுச்சீட்டுக்குக் கழிவும் கிடைக்கும். உணவகத் தொழிலாளருக்குத் திங்கள்தான் ஓய்வுநாள் என்றால் திங்களே போகலாம். பாதையிற் கூட்டமும் குறைவு.

நகரத்து வீதியில் முகம்பாராது கடந்து செல்லும் இதே மனிதர்கள், மலைப்பாதையில் எதிர்ப்பட்டால் அவரவர் மொழியில் வணக்கம் சொல்கிறார்கள். ‘குறுயெற்சி’ என்றோ ‘போன்சூர்’ என்றோ வரும் அந்த ஒரு சொல்லில், எங்கிருந்து வந்தாய், எப்போது போவாய் என்ற கேள்விகள் இல்லை. பல ஆண்டுகளாக அக்கேள்விகளுக்கே பதில் சொல்லிக் களைத்த நமக்கு, அது சிறிய ஆறுதல் அன்று. நாமும் தலைநிமிர்ந்து பதில் வணக்கம் சொல்வோம்.

அன்புள்ள வாசகர்களே, வரும் ஓய்வுநாளில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு மஞ்சட் பாதையைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்னவற்றை ஒருமுறை வாசித்து, பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லிப் புறப்படுங்கள். உங்களுக்குப் பின்னே வந்துசேரும் புதியவர்களுக்கும் வழியைச் சொல்லிக் கொடுங்கள். புல்லை முடிந்து வைத்துச் செல்வது நம் முன்னோர் நமக்கு இட்ட கடமை.